காலையில் குளிர், மதியம் வெறும் காற்று: பழைய காரின் ஏசி வயரிங்கைச் சோதிக்கும் முறை

காலை ஏழு மணிக்கு ஏசி ஜில்லென்று ஓடும். பகல் பன்னிரண்டுக்கு டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றால் காற்று மட்டும் வரும், குளிர் வராது. காரை நிழலில் ஒரு மணி நேரம் விட்டு எடுத்தால் பழையபடி வேலை செய்யும். பதினைந்து, இருபது வயதான மாருதி 800, ஜென், எஸ்டீம், ஆம்னி, சான்ட்ரோ என்று எந்த காராக இருந்தாலும் இந்தக் குறைக்கு முதலில் நடக்கும் வைத்தியம் கேஸ் ஏற்றுவதுதான். அதில் தீராவிட்டால் அடுத்த பேச்சு கம்ப்ரஸரை மாற்றுவது பற்றி. பல ஆயிரம் ரூபாய் செலவான பிறகும் மதியம் அதே வெறும் காற்று வந்தால், குறை பெரும்பாலும் கம்ப்ரஸருக்குப் போகும் வயரில் இருக்கிறது. ஒரு கப்ளரில், அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகியில், படிந்த பச்சைக் களிம்பு மட்டுமே இத்தனைக்கும் போதும்.

சூடானால் மட்டும் ஏன் கட்டாகிறது என்பது புரிந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும். கம்ப்ரஸரின் முன்பக்கத்தில் இருக்கும் கிளட்ச் ஒரு மின்காந்தம்; கரண்ட் ஓடும்போது அது ஒரு தட்டை, பெல்ட் சுழற்றும் புல்லியோடு ஒட்டவைத்து கம்ப்ரஸரை ஓடவைக்கிறது. அதன் காயில் (செப்புக் கம்பிச் சுருள்) குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 3 முதல் 4 ஓம் காட்டும். 3.6 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் ஓடும்போது 13.8 வோல்ட் கிடைத்தால் 3.8 ஆம்பியர் ஓடும். செம்பு சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடுகிறது. இன்ஜின் அனலில் காயில் 100 டிகிரியைத் தொட்டால் அதே காயில் 4.7 ஓம் ஆகிவிடும். கரண்ட் 2.9 ஆம்பியராக இறங்கும். நல்ல கிளட்ச் இதைத் தாங்கும், அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் வழியில் ஒரு கப்ளரோ, ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) காலோ களிம்பு பிடித்து 1 ஓம் கூட்டினால் கரண்ட் 2.4 ஆம்பியருக்கு வந்துவிடும். காந்த இழுவை கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே குளிர்ந்த நிலையில் இருந்த இழுவையில் இப்போது மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. தட்டு நழுவும் அல்லது பிடிக்கவே பிடிக்காது. காலையில் அதே 1 ஓம் இருந்தும் 3 ஆம்பியர் ஓடுவதால் கிளட்ச் ஒட்டிக்கொள்கிறது, குறை வெளியே தெரிவதில்லை.

அந்த 1 ஓம் வேறொரு கெடுதலும் செய்கிறது. 3 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு சின்ன பின்னுக்குள் 9 வாட் வெப்பம் உண்டாகிறது. பின்னின் ஸ்ப்ரிங் தளர்கிறது, பிளாஸ்டிக் கப்ளர் பழுப்பேறுகிறது, தளர்ந்த பின் இன்னும் அதிகமாகச் சூடாகிறது. பழுப்பேறிய கப்ளர் கண்ணில் பட்டால் அதைத் துடைத்து மறுபடி மாட்டுவதில் பயனில்லை. பின்னோடு சேர்த்து மாற்றியாக வேண்டும்.

மல்டிமீட்டரை எடுத்ததும் கன்டினியுட்டி (வயர் அறுபடாமல் தொடர்கிறதா என்று) பார்ப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் பெரிய தவறு. இருபது இழை உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் "பீப்" என்று கத்தும். கப்ளரைக் கழற்றி வோல்ட் அளந்தாலும் இதே ஏமாற்றம்தான். கரண்ட் ஓடாத வயரில் வோல்டேஜ் குறையாது, 12 வோல்ட் முழுசாகக் காட்டும். வயர் நல்லது என்று நம்பி கம்ப்ரஸரின் மேல் பழி போடுவோம். லோடு இருக்கும்போது, அதாவது கிளட்ச் பிடித்திருக்கும்போதோ பிடிக்க முயலும்போதோ அளந்தால் மட்டுமே வயரின் உண்மை நிலை வெளிப்படும்.

அதற்கு காரைச் சூடாக்க வேண்டும். குறை வரும் வரை வெயிலில் ஏசியை ஓடவிட்டு, கட்டான அந்த நேரத்தில் பானட்டைத் திறந்து அளக்க வேண்டும். ஆறிய காரில் எதுவும் அகப்படாது. கைச்சட்டை, துப்பட்டா, மீட்டர் வயர் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ஃபேன் எந்த நொடியிலும் தானாகச் சுற்றத் தொடங்கும். மீட்டரின் முனைகளை முதலைக் கிளிப் போட்டு நீட்டிவைத்துக்கொண்டால் கையை உள்ளே விட வேண்டியதில்லை.

கிளட்ச் கப்ளரைக் கழற்றாமல், வயர் நுழையும் பின்புறமாக ஒரு மெல்லிய ஊசியைச் செருகி வோல்டேஜ் பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும். பேட்டரியின் வோல்டேஜையும் அதே நேரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

பேட்டரியில் உள்ள அளவு கிளட்சிலும் அப்படியே இருந்து, கிளட்ச் பிடிக்கவில்லை என்றால் பாசிட்டிவ் வயரிங் நல்லது. குறை காயிலில், எர்த்தில் அல்லது இடைவெளியில். காயில் சூட்டில் உள்ளேயே அறுந்து ஆறியதும் ஒட்டிக்கொள்வது உண்டு. ஏசியை அணைத்து, கப்ளரைக் கழற்றி உடனே ஓம் அளந்தால் தெரிந்துவிடும். கழற்றிய நிலையில் காயிலின் வயரை எர்த்தோடு சேர்த்து அளக்கும்போது மீட்டர் ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது அல்லது எர்த் இல்லை. ஒற்றை வயர் கிளட்சாக இருந்தால் எர்த் கம்ப்ரஸர் பாடி வழியாக இன்ஜினுக்கும், அங்கிருந்து எர்த் பட்டை வழியாக பேட்டரிக்கும் போகிறது. இன்ஜின் வேலை பார்த்தபோது கழற்றிய அந்தப் பட்டையைத் திரும்ப மாட்டாமல் விட்ட கார்கள் உண்டு. ஏசி ஓடும்போது கம்ப்ரஸர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சரிசெய்த பிறகுதான் மற்றதைப் பார்க்க வேண்டும்.

இடைவெளி என்பது கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள சந்து. பெரும்பாலான கம்ப்ரஸர்களில் இது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய சந்து பெருகும். 0.8 தாண்டிவிட்டால் வோல்டேஜ் சரியாக இருந்தாலும் சூட்டில் இழுக்காது. இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, ஏசியும் புளோயரும் போட்டு, தட்டை ஒரு மரக்குச்சியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். தள்ளியதும் "டக்" என்று ஒட்டிக்கொண்டால் சந்துதான் குறை. தட்டுக்குப் பின்னால் உள்ள மெல்லிய ஷிம் வாஷரில் ஒன்றை எடுத்துவிட்டு ஃபீலர் கேஜ் வைத்து மூன்று இடங்களில் அளந்தால் முடிந்தது. இன்ஜின் ஓடும்போது இதைச் செய்யவே கூடாது. இன்ஜின் சுழலாமல் கிளட்சுக்குக் கரண்ட் விடாத கார்களும் உண்டு. அவற்றில் 10 ஆம்பியர் ஃபியூஸ் கோர்த்த ஜம்பர் வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது, கிளட்சில் வோல்டேஜ் இருக்கிறது, ஆனால் பேட்டரியை விட ஒன்றரை, இரண்டு வோல்ட் குறைவு. நாம் தேடும் குறை இதுதான். மூன்றாவது, கிளட்சில் சுத்தமாக வோல்டேஜ் இல்லை. அப்படியென்றால் ஏதோ ஒரு ஸ்விட்ச் வழியை அடைத்துவிட்டது. அது தெர்மோஸ்டாட்டாகவோ (குளிர் போதுமானதும் கம்ப்ரஸரை நிறுத்துவது) பிரஷர் ஸ்விட்சாகவோ ரிலேயாகவோ இருக்கலாம்.

வோல்டேஜ் எங்கே தொலைகிறது

இரண்டாவது வகைக்கு மீட்டரைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை கிளட்ச் வயரில். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்டேஜ் மட்டும். மொத்தம் 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய காருக்கு நல்ல நிலை. கூடுதலாக இருந்தால் சிவப்பை அசைக்காமல் கறுப்பை மட்டும் பின்னோக்கி நகர்த்துங்கள். ரிலேயின் 87ஆம் கால் (கிளட்சுக்குக் கரண்ட் வெளியேறுவது), பிறகு 30ஆம் கால் (பேட்டரியிலிருந்து கரண்ட் நுழைவது), பிறகு ஃபியூஸின் இரண்டு பக்கமும். 87இல் 2.1 வோல்ட் காட்டி 30இல் 0.3 காட்டினால் ரிலேயின் உள் கான்டாக்ட் கருகிவிட்டது. ஃபியூஸின் ஒரு பக்கம் 0.2, மறுபக்கம் 1.4 என்றால் ஃபியூஸைப் பிடிக்கும் கவ்வி தளர்ந்திருக்கிறது. அளவு எங்கே தாவுகிறதோ அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில்தான் குறை. ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, பிரித்து மேயத் தேவையே இல்லை.

மீட்டர் இல்லாதவருக்கும் நம்பகமான வழி ஒன்று உண்டு. பழைய எச்4 ஹெட்லைட் பல்பின் 55 வாட் இழை 12 வோல்ட்டில் சுமார் 4.6 ஆம்பியர் இழுக்கும். கிளட்ச் இழுப்பதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான். கிளட்ச் கப்ளரைக் கழற்றி அங்கே வரும் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அந்த பல்பை மாட்டி ஏசியைப் போடுங்கள். முழு வெள்ளையாக எரிந்தால் வயர் தாங்குகிறது, மஞ்சளாக மங்கினால் வழியில் அடைப்பு. டேஷ்போர்டு பல்போ எல்ஈடி டெஸ்டரோ இதற்கு உதவாது. அவை இழுக்கும் சொற்ப கரண்டை ஒற்றை இழைகூடக் கொடுத்துவிடும். பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போது ஹார்னஸைக் கையால் மெதுவாக அசைத்தபடி வந்தால், மினுக்கும் இடத்தில் லூஸ் கான்டாக்ட் கைக்குக் கிடைத்துவிடும்.

பார்த்த மாத்திரத்தில் சந்தேகிக்க வேண்டிய இடங்கள் சில. கம்ப்ரஸருக்கு அருகே, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் அனல் படும் வயர் பிஸ்கட் போல உறையுதிரும். ஃபயர்வாலில் வயர் நுழையும் ரப்பர் வளையம் காய்ந்து உதிர்ந்தால் தகட்டின் ஓரம் வயரை அறுக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது, ஆனால் நின்ற நிலையில் சோதித்தால் ஒன்றும் இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை. கூலிங் காயிலின் வடிகால் குழாய் தூசி அடைத்து, தண்ணீர் முன்சீட்டு மிதியடிக்கு அடியில் தேங்கினால் அங்கே உள்ள கப்ளர்கள் ஊறிப் போகும். கடற்கரை ஊர்க் கார்களில் களிம்பு கப்ளரோடு நிற்காது. உறைக்குள்ளேயே செம்பின் வழியாக ஊர்ந்து உள்ளே போயிருக்கும். உறையைச் சீவினால் செம்பு கறுப்பாக வந்தால், பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும், அது அரை அடியானாலும் சரி. கறுத்த செம்பில் லக் (வயர் முனையில் அழுத்தும் உலோக முனை) அடித்தாலும் சோல்டர் வைத்தாலும் நிற்காது. எலி கடித்த வயர் என்றால் கண்ணில் பட்ட ஒரு கடியோடு நிறுத்திவிடாமல் அந்த ஹார்னஸ் முழுவதையும் தடவிப் பார்ப்பது நல்லது.

பின்னாளில் கிட் வாங்கி ஏசி பொருத்திய கார்களில், அதாவது அம்பாசடர், பத்மினி, ஏசி இல்லாமல் வந்த 800, ஆம்னி போன்றவற்றில், வயர் நிறத்தை நம்பி வேலை செய்யாதீர்கள். கையில் கிடைத்த நிறத்தில் இழுத்திருப்பார்கள். ரிலே இல்லாமல் இக்னிஷன் ஸ்விட்சிலிருந்தே நேராக எடுத்திருப்பதையும் காணலாம். ஏசி போட்டதும் இண்டிகேட்டர் மெதுவாகத் துடிப்பது, வைப்பர் தளர்வது, சாவித் துவாரத்தைச் சுற்றி வெதுவெதுப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். அந்த ஸ்விட்சை மட்டும் மாற்றினால் புதியதும் அதே வழியில் கருகும். பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 1.5 சதுர மி.மீ ஆட்டோ வயரை ரிலேயின் 30க்கும், 87இலிருந்து கிளட்சுக்கும் இழுத்துவிட்டு, பழைய வயரை 86இல் மாட்டி 85ஐ எர்த் செய்யுங்கள் (இவை இரண்டும் ரிலே காயிலின் கால்கள்). ரிலே காயில் இழுப்பது 0.2 ஆம்பியருக்கும் குறைவு என்பதால் பழைய ஸ்விட்ச்சும் வயரும் அந்தச் சுமையை எளிதாகத் தாங்கும். கண்டென்சர் ஃபேனுக்குத் தனி ரிலே, 2.5 சதுர மி.மீ வயர், 20 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸை பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் நடுவில் உள்ள வயர் பாதுகாப்பில்லாமல் கிடக்கும். போன ஃபியூஸுக்குப் பதில் செப்புக் கம்பியைச் சுற்றிய ஏசி வயரிங் காரையே எரிக்கக்கூடியது. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

வோல்டேஜே வராதபோது

ரிலேயில் தொடங்கி ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். புளோயர் ஓடினால்தான் ஏசி ஸ்விட்சுக்குக் கரண்ட் வரும்படி பல கார்களில் அமைத்திருக்கிறார்கள். அதனால் புளோயர் ஸ்விட்சின் கான்டாக்ட் கருகினாலும் கம்ப்ரஸர் நிற்கும்.

பிரஷர் ஸ்விட்ச் பெரும்பாலும் ட்ரையரின் (கேஸில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் உருளை) மேலோ அதையொட்டிய பைப்பிலோ இருக்கும். கேஸ் 2 பார் அளவுக்குக் கீழே இறங்கினாலும், 30 பார் பக்கம் ஏறினாலும் அது திறந்துகொள்ளும். கப்ளரைக் கழற்றி ஸ்விட்சின் இரண்டு காலிலும் ஓம் பாருங்கள். திறந்திருந்தால் ஸ்விட்சைக் குறை சொல்லும் முன் பிரஷர் கேஜ் மாட்டிப் பாருங்கள். ஏசி அணைந்து, கார் 35 டிகிரி நிழலில் ஆறி நிற்கும்போது ஆர்134ஏ கேஸ் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 110 பிஎஸ்ஐ காட்ட வேண்டும். அதற்கு வெகு கீழே இருந்தால் கேஸ் கசிந்திருக்கிறது, ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஜம்பர் போட்டு அதைத் தாண்டி ஓட்டுவது கம்ப்ரஸரைக் கொல்லும் வேலை. ஆயில் கேஸோடுதான் சுற்றி வருகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் பிஸ்டன் உலர்ந்து இறுகிவிடும். சோதனைக்கு என்றால் ஐந்து நொடிக்கு மேல் வேண்டாம், அதுவும் கேஸ் இருப்பது உறுதியான பிறகு. சிக்னலில் கட்டாகி, கார் வேகமெடுத்ததும் குளிர் திரும்பினால் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஃபேன் ஓடாததால் பிரஷர் ஏறி ஸ்விட்ச் திறக்கிறது. ஃபேன் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருந்தால் லேசாகத் தட்டியதும் ஓடும், மறுநாள் நின்றுவிடும்.

தெர்மோஸ்டாட் இரண்டு வகை. கிட் ஏசியில் வருவது கூலிங் காயில் தகடுகளுக்குள் செருகிய மெல்லிய செப்புக் குழாயோடு இருக்கும். அந்தக் குழாய் மடங்கி விரிசல் விட்டால் உள்ளே உள்ள கேஸ் போய் கான்டாக்ட் நிரந்தரமாகத் திறந்துவிடும். இரண்டு காலையும் ஜம்பர் செய்து கம்ப்ரஸர் பிடித்தால் அதை மாற்ற வேண்டும். கம்பெனி ஏசியில் பெரும்பாலும் தெர்மிஸ்டரும் (வெப்பநிலைக்கேற்ப ஓம் மாறும் சென்சார்) ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் பெட்டியும் இருக்கும். தெர்மிஸ்டரில் குளிர் கூடக் கூட ஓம் கூடும். பல கார்களில் 25 டிகிரியில் 1.5 கிலோ ஓம், 0 டிகிரியில் 5 கிலோ ஓம் பக்கம் காட்டும். ஐஸ் தண்ணீர் டம்ளரில் நனைத்து, மீட்டர் தாவாமல் சீராக ஏறுகிறதா என்று பார்த்தால் போதும். இதன் வயர் அறுந்தால் பெட்டிக்கு அது கடுங்குளிராகத் தெரியும், கம்ப்ரஸரை விடவே விடாது. கப்ளரில் களிம்பு பிடித்து ஓம் கூடினால் சில டிகிரி முன்கூட்டியே கட் செய்யும், கார் குளிரவே குளிராது. இதற்கு நேர்மாறாக வயர் ஷார்ட்டானால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி கூலிங் காயிலில் ஐஸ் கட்டும்.

ஐஸ் கட்டியதையும் வயரிங் குறையையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். இரண்டிலும் "ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென்று குளிர் போய்விட்டது" என்றுதான் காரோட்டுபவர் சொல்வார். காற்றின் வேகம் குறைந்ததா என்று கேளுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் போன பிறகு காற்றே சன்னமாகி, கால் மணி நேரம் அணைத்ததும் சரியானால் அது ஐஸ். தெர்மிஸ்டரோ செப்புக் குழாயோ தகடுகளை விட்டு வெளியே நழுவியிருக்கும். காற்று முழு வேகத்தில் வந்து குளிர் மட்டும் இல்லையென்றால் மேலே சொன்ன கிளட்ச் பக்கத்துக்குத் திரும்புங்கள்.

புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுவது, மற்ற ஸ்பீடுகளைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டரின் உள் ஃபியூஸ் போனதால். ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் மறுபடி போகக்கூடும். புளோயர் மோட்டாரின் புஷ் காய்ந்து கனமாகச் சுற்றுவதால் அது கூடுதல் கரண்ட் இழுக்கிறதா என்று கிளாம்ப் மீட்டரில் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

சேர்க்கும் விதம்

வயரை முறுக்கி டேப் சுற்றுவது இன்ஜின் அனலில் ஒரு கோடை தாங்காது. டேப்பின் பசை உருகி வழியும், தூசி ஒட்டும், ஈரம் உள்ளே போகும். வெட்டும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். வயர் அளவுக்கேற்ற செம்பு ஸ்லீவை கிரிம்பிங் ப்ளையரில் அழுத்தி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இருபுறமும் பசை பிதுங்கும் வரை சூடு காட்ட வேண்டும். கம்ப்ரஸர் அருகே சோல்டரை நாங்கள் தவிர்ப்போம். சோல்டர் ஊறிய வயர் கம்பி போல விறைத்து, அதிர்வில் சோல்டர் முடியும் ஓரத்திலேயே ஒடியும். இன்ஜின் ஆடும் அளவுக்கு வயரில் கொஞ்சம் தளர்வு விட்டு, நெளிகுழாய்க்குள் போட்டு, மேனிஃபோல்டைத் தொடாமல் கட்டுங்கள்.

இன்னொன்று, கிளட்ச் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே டேப்புக்குள் ஒளிந்திருக்கும் டயோடு, அதாவது கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம். சில கார்களில் காயிலிலேயே இருக்கும், சிலவற்றில் ஹார்னஸில். கிளட்ச் கட்டாகும் நொடியில் காயிலில் எழும் வோல்டேஜ் உதையை இது விழுங்குகிறது. இது இல்லாவிட்டால் அந்த உதை ரிலேயின் கான்டாக்ட்டைக் கருக்கும், ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் டிரான்சிஸ்டரைக் கொல்லும். ஏசி கட்டாகும்போதெல்லாம் ரேடியோவில் "டப்" என்று கேட்டால் டயோடு அறுந்திருக்கலாம். ஏசி ஸ்விட்சைத் தொட்டதும் ஃபியூஸ் போனால், காயிலைக் கழற்றிப் போட்டுவிடும் முன் டயோடு ஷார்ட்டா என்று பாருங்கள். மாற்றும்போது 3 ஆம்பியர் வகையான 5408 எண் டயோடு போதும். வெள்ளைக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் வயருக்கு, மற்றது எர்த்துக்கு. திருப்பி மாட்டினால் ஏசி போட்ட உடனே ஃபியூஸ் போகும்.

வேலை முடிந்ததும் காரை மறுபடி வெயிலில் சூடாக்கி, ஹெட்லைட், புளோயர், ஃபேன் எல்லாம் போட்ட நிலையில் கிளட்ச் வயரின் வோல்டேஜ் இழப்பை இன்னொரு முறை அளந்து, தேதியோடு ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். அடுத்த கோடையில் 0.3 என்றிருந்தது 0.9 ஆகியிருந்தால் கிளட்ச் நழுவத் தொடங்கும் முன்பே கப்ளரைக் கழற்றிவிடலாம்.